அந்த ஐந்து இலை

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து துளசி இலையை மென்று தின்றால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே வேண்டாம் என்கிறார்கள். இது தவறு. தவறு மட்டுமல்ல, கேடும் செய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற வைகாசியில் பூதலூரில் ஒரு கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் ஒரு துளசிக் கன்று இருந்தது. கூடவே மடித்து வைத்த ஒரு தாள். கன்று கொடுத்தவர்களின் மனசு நல்ல மனசு. தாளில் அச்சிட்டிருந்த இருபத்தொரு பயன்களோடுதான் எனக்கு வழக்கு. சளியில் ஆரம்பித்து சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கல், ஆஸ்துமா, காசநோய், புற்றுநோய் என்று ஏறிக்கொண்டே போய், 'இருபத்து நான்கு மணி நேரமும் பிராணவாயு தரும் ஒரே செடி' என்று முடித்திருந்தார்கள். இதே பட்டியலை முடிதிருத்தும் கடையில் கேட்டிருக்கிறேன். திருச்சி பாசஞ்சரில் எதிர் இருக்கைக்காரர் ஒப்பித்தார். உறவினர் குழுவில் வாரம் ஒருமுறை யாராவது அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வீட்டின் கருத்தாக இருந்தால் விட்டுவிடலாம். இது ஊரின் கருத்து.

அவர்கள் சொல்வதை முதலில் குறையில்லாமல் சொல்லிவிடுகிறேன். துளசி நம் முற்றத்துச் செடி, தலைமுறை தலைமுறையாக முன்னோர் போற்றியது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் அதை மருந்தாக எடுத்துக்கொண்டன. இன்றைய ஆய்வுகளும் அதில் சத்து இருப்பதைக் காட்டுகின்றன. காசு செலவில்லை. பலித்தால் லாபம், பலிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. அது தெய்வத்துக்குரிய இலை என்பதால் மருந்தாக மட்டும் உண்ணலாம், குழம்பிலும் துவையலிலும் போடக்கூடாது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எந்தத் துளசி? தாளில் இருந்த படம் ஒரு செடியுடையது, பயன்களோ மூன்று நான்கு செடிகளுடையவை. பெருமாளுக்குச் சாத்துவது துளசி. தண்டும் இலையும் கருஞ்சிவப்பு ஓடிய கருந்துளசி அதன் ஒரு வகைதான். திருநீற்றுப்பச்சை வேறு இனம். வரப்போரத்தில் தானாக முளைக்கும் நாய்த்துளசி இன்னொரு இனம். துளசியைக் கசக்கி முகர்ந்தால் கிராம்பு வாடை வரும், ஏனென்றால் கிராம்பில் உள்ள யூஜெனால்தான் அதிலும் இருக்கிறது. திருநீற்றுப்பச்சையைக் கசக்கினால் சோம்பு வாடை. அது மீத்தைல் சாவிக்கால். மூக்குக்கே வேறு வேறாகத் தெரிகிறவற்றை ஒரே மருந்து என்று எப்படிச் சொல்வது? 'துளசி விதையாகிய சப்ஜா' என்று தாளில் ஒரு வரி இருந்தது. சப்ஜா துளசியின் விதையல்ல, திருநீற்றுப்பச்சையின் விதை. இலங்கையில் அதைக் கசகசா என்பார்கள். நம் ஊரில் கசகசா என்றால் அபினிச் செடியின் விதை. மருந்து சொல்ல வருகிறவர் செடியின் பெயரையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

2. அளவு எங்கே? ஆய்வு நிரூபித்துவிட்டது என்கிறவர்கள் எந்த ஆய்வு என்று சொல்வதில்லை. நான் சொல்கிறேன். துளசியையும் சர்க்கரை நோயையும் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வு 1996இல் வெளியானது. இந்தியாவில் 40 நோயாளிகளிடம் நடந்தது. நான்கு வாரம் துளசி இலைத்தூள், நான்கு வாரம் துளசி அல்லாத வேறு இலைத்தூள் கொடுத்து ஒப்பிட்டார்கள். துளசி கொடுத்த காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 17.6 சதவீதம் குறைந்தது. நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்தது நாளுக்கு இரண்டரை கிராம் காய்ந்த தூள். ஒரு பச்சைத் துளசி இலை கால் கிராம்கூடத் தேறாது; அதிலும் பெரும்பங்கு நீர். தாராளமாகக் கணக்கிட்டாலும் ஐந்து இலை காய்ந்தால் கால் கிராம். ஆய்வில் தந்ததில் பத்தில் ஒரு பங்கு! பத்தில் ஒரு பங்கு உரத்தைத் தெளித்துவிட்டு முழு விளைச்சலுக்குக் களத்தில் சாக்கு விரித்து உட்காரும் விவசாயி எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

2017இல், அதுவரை மனிதர்களிடம் நடந்த 24 துளசி ஆய்வுகளைத் தொகுத்து ஒரு மதிப்பீடு வந்தது. பெரும்பாலானவை நம்பிக்கை தரும் முடிவுகளே. ஆனால் கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர், காலம் குறுகியது, கொடுத்த வடிவமும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. நம்பிக்கை தருவது என்றால் 'மேலும் ஆராயத் தகுந்தது' என்று பொருள். மாத்திரையை நிறுத்தலாம் என்று பொருளே இல்லை. நாற்றங்காலில் பச்சை தெரிந்ததும் நெல்லுக்கு விலை பேசிவிடுவோமா?

3. இயற்கையானது என்பதாலேயே எவ்வளவும் உண்ணலாமா? துளசியில் சில வகைகளில் மீத்தைல் யூஜெனால் என்ற பொருள் உண்டு. மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதன் வேலை தெரியும். பழ ஈயின் ஆண் பூச்சி அந்த மணத்துக்குத் தேடிக்கொண்டு வரும். துளசி இலையைக் கசக்கி நீரில் கரைத்துப் பொறி வைத்துத் தொங்கவிட்டுப் பழ ஈயைப் பிடிப்பது தோட்டக்கலைக்காரர்கள் சொல்லித்தரும் முறை. துளசியால் நிச்சயமாகக் கண்முன் நடக்கும் நன்மை ஒன்றைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் மாந்தோப்புக்குத்தான் கூட்டிப்போவேன். இருபத்தொரு பயனில் அது இல்லை!

அதே மீத்தைல் யூஜெனாலை 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் ஒரு படி மேலேற்றியது. ரசத்தில் போடும் இலையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். அந்த முடிவுக்கு முக்கிய அடிப்படைகளில் ஒன்று, பெரிய அளவில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள். ஆனால் புற்றுநோயைத் தீர்க்கும் என்று சொல்லி, இலையின் எண்ணெயைக் காய்ச்சி இறக்கி, 'இருபது சொட்டு தினமும்' என்று குப்பியில் விற்கிறபோது அளவைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும். இலை வேறு, இலையிலிருந்து வடித்த எண்ணெய் வேறு. கரும்பு தின்பதும் சாராயம் குடிப்பதும் ஒன்றா?

4. பிராணவாயு, பாதரசம். இவற்றுக்கு அதிக இடம் தர மாட்டேன். வெளிச்சம் இல்லாமல் எந்தப் பச்சிலையும் பிராணவாயு தராது. இருட்டில் துளசியும் நம்மைப் போலவே பிராணவாயுவை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 550 லிட்டர் பிராணவாயு வேண்டும். ஒரு மாடத்துச் செடி அதைத் தராது. அடுத்தது, துளசியில் பாதரசம் இருப்பதால் பல்லில் படாமல் விழுங்க வேண்டும் என்ற அறிவுரை. பாதரசம் இருந்தால் அதைப் பல்லுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் அனுப்புவதா மருத்துவம்? ஒரே தாளில் மூன்றாம் வரி 'மென்று தின்னுங்கள்' என்கிறது, பதினாறாம் வரி 'கடிக்காதீர்கள்' என்கிறது. படித்தவர்கள் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

5. முன்னோரை இழுக்கிறீர்களே, முன்னோர் அப்படியா வைத்தியம் பார்த்தார்கள்? திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, தொண்ணூற்றைந்தாவது. பத்துக் குறளில் ஓர் இலையின் பெயர், ஒரு வேரின் பெயர் கிடையாது. முன் உண்டது செரித்ததா என்று பார்த்து உண், அளவோடு உண், நோயின் காரணத்தைத் தேடு, நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் கணக்கிட்டு வைத்தியம் செய் என்பதுதான் அங்கே மருந்து. எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் ஐந்து இலை என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் எழுதிவிட முடியாது.

சித்த மருத்துவரிடம் உண்மையிலேயே போய்ப் பாருங்கள். உடல்வாகு கேட்பார், நாடி பார்ப்பார். துளசியே தருவதானாலும் சாறாகவா குடிநீராகவா என்று முடிவு செய்வார், தேனிலா வெந்நீரிலா என்று அனுபானம் சொல்வார், எத்தனை நாள் என்று கெடு வைப்பார், பத்தியம் சொல்வார். துளசி வெப்பம் உண்டாக்கும் இலை என்பது அவர்கள் கணக்கு. உடல் சூடு உள்ளவருக்குத் தினமும் கொடுப்பதற்கு அவர்களே யோசிப்பார்கள். அளவும் கெடுவும் பத்தியமும் இல்லாத ஐந்து இலைக்குச் சித்தர் பெயரைச் சூட்டுவது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் அவமரியாதை.

தஞ்சாவூர்க்காரர்களாகிய நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்று ஒன்றை ஏற்படுத்தினார். நாட்டு வைத்திய முறைகளும் ஐரோப்பிய முறையும் அங்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பலித்த முறைகள் ஏட்டில் ஏறின. 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற வரிசை நூல்களாகச் சரசுவதி மகால் நூலகம் பிற்பாடு அவற்றை அச்சிட்டது. கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, என்ன கோளாறு, என்ன சிகிச்சை, என்ன ஆயிற்று என்று எழுதிய தாள்கள் இன்றும் அந்த நூலகத்தில் இருக்கின்றன. பூதலூரிலிருந்து ரயிலில் ஏறினால் அரை மணி நேரப் பயணம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணில் வைத்தியம் என்றால் ஆளைப் பார்த்து, எழுதி வைத்து, பலித்ததா என்று சரிபார்ப்பது. அதை விட்டுவிட்டு, யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு தாளை முன்னோர் சொத்து என்கிறோம்.

6. 'நஷ்டம் ஒன்றும் இல்லையே.' இதுதான் அவர்களின் கடைசி அரண், எல்லாவற்றிலும் பலமான வாதமும் இதுவே. இதை இடிக்காமல் நான் பேனாவை வைக்க முடியாது.

என் பெரியப்பா மகன் நடவு எந்திரம் ஓட்டுகிறவர். சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் இருமல் பிடித்தது. துளசியும் மிளகும் போட்டுக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். பத்து நாள் பார்ப்போம் என்றார்கள். பிறகு தேன் சேர்த்தார்கள், பிறகு கருந்துளசிதான் கேட்கும் என்று யாரோ சொல்லி அதைத் தேடி வாங்கினார்கள். தை பிறந்தபோது அண்ணனுடைய சட்டை தோளில் தொங்கியது. சாயங்காலமானால் காய்ச்சல். 'துளசி உள்ளே இருக்கிற சளியை வெளியே தள்ளுது தம்பி, அதான் இருமுது' என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். சளியைச் சோதித்தபோது காசநோய். ஆறு மாதம் மாத்திரை தின்று பிழைத்துக்கொண்டார். அவர் மடியிலேயே வளர்ந்த பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சோதனைக்கு அலைந்த நாட்களை அவர் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் காசநோய்த் திட்டத்தின் அடிப்படை விதி. சோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். சிகிச்சை எடுக்காத ஒரு காசநோயாளி ஓர் ஆண்டில் நெருங்கிப் பழகுகிறவர்களில் 5 முதல் 15 பேருக்குத் தொற்ற வைக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வட்டத்திலேயே, செங்கிப்பட்டியில், காசநோய்க்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, காசநோய்க்கு ஐந்து இலை என்று அச்சடித்துக் கல்யாண வீட்டில் கொடுப்பதை நஷ்டமில்லாத காரியம் என்று எப்படி ஒத்துக்கொள்வேன்? அண்ணன் இழந்தது இரண்டு மாதத்துக்கு மேல். இலை அவரைக் கெடுக்கவில்லை. இலையை நம்பிக் காத்திருந்தது கெடுத்தது.

சர்க்கரைக்காரர்கள் கதையும் இதுதான். மாத்திரையோடு துளசித் தூளையும் கை நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மாத்திரையை விட்டுவிட்டுத் துளசியை மட்டும் நம்பினால் கால் புண்ணும் கண் பார்வையும் சிறுநீரகமும் பதில் சொல்லும். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் பச்சிலைச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிக்கும்முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். திருநீற்றுப்பச்சை இலை 100 கிராமில் 400 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் கே இருக்கிறது. அந்த மாத்திரைக்கு நேர் எதிராக வேலை செய்வது அது. சப்ஜாவை ஊறவைக்காமல் வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் உப்பிக்கொள்ளும். குழந்தை உள்ள வீட்டில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

7. துளசி சமையலுக்கு ஆகாதா? மருந்து மருந்து என்று சொல்லிச் சொல்லி நாம் தொலைத்தது ஓர் அருமையான உணவை. தாய்லாந்தில் தெருவுக்குத் தெரு விற்கும் பாத் கப்ராவ் என்ற பொரியலில் கப்ராவ் என்பது நம் துளசியேதான். பூண்டும் மிளகாயும் இடித்து, இறைச்சியோடு இரும்புச் சட்டியில் புரட்டி, கடைசியில் ஒரு கை துளசியை அள்ளிப் போட்டு, சோற்றின் மேல் கொட்டித் தருகிறார்கள். இத்தாலியில் ஜெனோவாக்காரர்கள் பேசில் இலையைக் கல்லுரலில் பூண்டும் பருப்பும் பாலாடைக்கட்டியும் எண்ணெயும் சேர்த்து இடித்துப் பெஸ்டோ செய்கிறார்கள். அந்த பேசில் நம் திருநீற்றுப்பச்சையின் இனம், வகைதான் வேறு. ஆசியாவிலிருந்து போன செடியை அவர்கள் சோற்றுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். திருச்சிக் கடையொன்றில் அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். கொல்லையில் நின்ற திருநீற்றுப்பச்சையைக் களை என்று பிடுங்கிவிட்டு அந்த டப்பாவை வாங்கிப் போகிறவர்களையும் பார்த்தேன்.

தெய்வத்துக்குரியது என்பதால் உண்ணக்கூடாது என்ற வாதம் டெல்டாவிலேயே நிற்காது. ராம நவமிப் பானகத்தில் துளசி மிதக்கிறது. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் துளசியும் பச்சைக் கற்பூரமும் மணக்கின்றன. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒப்பிலியப்பன் கோயில். துளசிச் செடியடியில் மார்க்கண்டேய முனிவர் கண்டெடுத்த குழந்தைதான் அங்கே தாயார். உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாத சின்னப் பெண் என்று முனிவர் சொல்ல, உப்பில்லாமலே உண்பேன் என்று பெருமாள் ஏற்றார் என்பது தலபுராணம். இன்றும் அங்கே நிவேதனத்தில் உப்பில்லை. துளசியடியில் பிறந்தவளின் கதை சமையற்கட்டுக்கு வந்துதான் முடிகிறது.

உப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடகம் என்று நாம் அதைத் தாண்டித்தான் உண்கிறோம். மணமுள்ள இலை ஒன்றை உணவில் சேர்த்தால் உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் நாக்குக்குத் தெரியாது. இரத்தக் கொதிப்புக்குத் துளசி நல்லது என்றால் இந்த வழியில் நல்லது. கொத்தமல்லி, கறிவேப்பிலை போல அன்றாடம் கைக்கு வருகிற இலையாக அது இருக்க வேண்டும்.

என் அப்பாயி துளசி ரசம் வைப்பார். புளியைக் குறைவாகக் கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கி, அதன் பிறகே ஒரு கைப்பிடி துளசியைக் கிள்ளிப் போட்டுத் தட்டால் மூடுவார். கொதிக்கிற ரசத்தில் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். திருநீற்றுப்பச்சைத் துவையலுக்கு உளுத்தம்பருப்பையும் பச்சைமிளகாயையும் நல்லெண்ணெயில் வறுத்து, தேங்காய், துளிப் புளி வைத்து அரைத்து, இலையைக் கடைசிச் சுற்றில் சேர்ப்பார். பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டு குறுவை நடவுக்குப் போனவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். எந்த நோய் தீரும் என்று யாரும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டார்கள்.

அந்தக் கல்யாண வீட்டாரிடம் இதையெல்லாம் நேரில் சொன்னேன். கோபப்படவில்லை. ஆவணியில் இளைய பெண்ணுக்குக் கல்யாணம், 'அப்ப நீங்களே ஒரு தாள் எழுதிக் குடுத்துடுங்க மாமா' என்றார் பெண்ணின் அண்ணன். எழுதிக் கொடுத்துவிட்டேன். கன்று அதே துளசிக் கன்றுதான். தாளின் ஒரு பக்கம் அப்பாயியின் ரசமும் துவையலும். மறுபக்கம் இருமலைப் பற்றி மூன்றே வரி: எத்தனை நாள் பொறுக்கலாம், எங்கே போக வேண்டும், காசு கேட்க மாட்டார்கள்.